தம்கா: மங்கோலியர் குதிரைக்குக் குறிசுடும் முறை, முழுமையான வழிகாட்டி

ஆடு மாலையானால் பட்டிக்கு வந்துவிடும். பசுவைக் கன்றின் நினைவு வீட்டுக்கு இழுத்துவரும். குதிரைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மங்கோலியப் புல்வெளியில் இன்று கண்ணெதிரே குன்றின் சரிவில் மேயும் கூட்டம், நாளைக்கு இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி நிற்கும். வேலி இல்லை, லாயம் இல்லை. ஒரு பொலிகுதிரை, அதன் பின்னே பத்திருபது பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று அந்தக் குடும்பம் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் நாள்கணக்கில் உடையவர் கண்ணில் படாமலே இருக்கும். 2019இல் அந்த நாட்டில் குதிரைகள் 40 லட்சத்துக்கு மேல். மனிதர்கள் சுமார் 33 லட்சம். வேலியே இல்லாத நிலத்தில் இத்தனை குதிரைகள் கலந்து மேய்ந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் குதிரையின் இடது தொடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே ஒரு குறி இருக்கும். அதற்குப் பெயர் தம்கா.

இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு யாரும் இரும்பைக் காய்ச்சக் கிளம்ப வேண்டாம். ஓர் இலையுதிர்காலத்தில் மங்கோலியக் குடும்பம் ஒன்று குறிசூட்டு நாளுக்கு உங்களை அழைத்தால், அல்லது அப்படி ஒரு நாளைத் திரையில் பார்க்க நேர்ந்தால், நடப்பதைப் புரிந்துகொள்ள இது உதவும். தோலில் இரும்பு படுவது இரண்டு மூன்று விநாடிதான். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை ஒரு நாளையே எடுத்துக்கொள்கின்றன. குறிசூட்டை ஒரு பூட்டு என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறவர் அந்தச் சில விநாடியைத்தான் பார்க்கிறார்.

இலங்கையின் கிழக்கிலும் வன்னியிலும் மாட்டுக்குக் குறிசுட்டுப் பழகியவர்களுக்கு இதில் பாதி சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் சொற்களிலிருந்து தொடங்கலாம்.

முதலில் சில சொற்கள்

மங்கோலியர் வளர்க்கும் விலங்குகள் ஐந்து வகை: குதிரை, மாடு (யாக் உட்பட), ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. ‘ஐந்து மூஞ்சிகள்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் காதில் வெட்டு. அதற்குப் பெயர் ‘இம்’. குதிரைக்குத்தான் தம்கா. ஒட்டகத்துக்கும் சுடுவதுண்டு.

பொலிகுதிரை ‘அசர்கா’. அந்த ஆண்டு பிறந்த குட்டி ‘உனகா’. ஒரு குளிர்காலத்தைத் தாண்டி இரண்டாம் வயதில் நிற்பது ‘தாகா’. வயதுக்கு வயது பெயர் மாறும். நிறத்துக்கு நிறம் பெயர் மாறும். நிறங்களைக் குறிக்கும் சொற்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் உள்ளன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தன் குதிரையை அடையாளம் காண மேய்ப்பருக்குக் குறியே தேவையில்லை. நிறம், நடை, தலையைத் தூக்கும் விதம் ஆகியவை போதும். செங்கிஸ்கான் சிறுவன் தெமுஜினாக இருந்தபோது வீட்டின் எட்டுக் குதிரைகளைத் திருடர் ஓட்டிப் போன கதை 13ஆம் நூற்றாண்டின் ‘மங்கோலியரின் ரகசிய வரலாறு’ நூலில் வருகிறது. தடத்தைப் பிடித்துப் பின்தொடர்ந்த தெமுஜின், வழியில் குதிரைப்பால் கறந்துகொண்டிருந்த போர்ச்சு என்ற இளைஞனிடம் விசாரிக்கிறான். விசாரணையும் பதிலும் குதிரைகளின் நிறத்தை வைத்தே நடக்கின்றன. விடியுமுன் அந்த வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று போர்ச்சு சொல்கிறான். கூடவே கிளம்பியும் வருகிறான்.

ஆக, குறி உடையவருக்காகப் போடுவதில்லை. அந்தக் குதிரையை முன்பின் பார்த்திராத அயலாருக்காகப் போடுவது.

படி 1: குறியைப் படிக்கக் கற்றல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

குறிகள் பல இடங்களிலிருந்து வருகின்றன. சூரியன், பிறை, தீக்கொழுந்து ஆகியவை மிகப் பரவலானவை. மீன், வில், அம்பு, அங்கவடி (சேணத்தில் காலை ஊன்றும் வளையம்) என்று கண்ணால் காணும் பொருள்கள் உண்டு. பௌத்தம் கொண்டுவந்தவை தனி வரிசை: ஸ்வஸ்திகம், முடிவில்லா முடிச்சு, ‘ஒச்சிர்’, ‘சந்தமன்’. கடைசி இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒச்சிர் நம் வச்சிரம். சந்தமன் நம் சிந்தாமணி. சமஸ்கிருதச் சொற்கள் பௌத்தத்தோடு நடந்து நடந்து மங்கோலியாவில் ஒரு குதிரையின் தொடையில் போய் உட்கார்ந்திருக்கின்றன. இவை தவிர திபெத்திய எழுத்துகளும் மங்கோலிய எழுத்துகளும் குறிகளாக உள்ளன.

ஒரு குறி பெரும்பாலும் ஒற்றைப் படமாக நிற்பதில்லை. மூலக் குறி ஒன்று, அதனோடு ஒட்டிய சேர்க்கை ஒன்று. மேலே சூரியன் இருக்கும். கீழே தொட்டில்போல ஒரு பிறை தாங்கும். தீக்கொழுந்தின் அடியில் ஒரு கோடு இருக்கும். வில்லின் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். படிப்பவர் முதலில் மூலத்தைப் பார்க்க வேண்டும், பிறகு சேர்க்கையை. மூலம் எந்தக் குடும்பம் என்று சொல்லும். சேர்க்கை அந்தக் குடும்பத்தில் எந்த வீடு என்று சொல்லும்.

சேர்க்கை எப்படி வருகிறது? மகன்கள் தனிக்குடித்தனம் போகும்போது வருகிறது. மங்கோலிய மரபில் மூத்த மகன்கள் தங்கள் பங்கு கால்நடையைப் பெற்றுக்கொண்டு பிரிந்து போவார்கள். கடைசி மகன் பெற்றோருடன் தங்குவான். வீட்டு அடுப்பு அவனுக்கு. கடைசிப் பிள்ளையை ‘ஒத்சிகின்’, அதாவது அடுப்பின் இளவரசன் என்று பழங்காலத்தில் அழைத்தார்கள். செங்கிஸ்கானின் கடைசித் தம்பி தெமுகே இந்தப் பெயராலேயே அறியப்பட்டவர். தந்தையின் மூலக் குறி மாற்றமில்லாமல் பெரும்பாலும் கடைசி மகனுக்கே போகும். பிரிந்து போகிற அண்ணன்மார் அதே குறியில் ஒரு வளைவையோ ஒரு கோட்டையோ சேர்த்துக்கொள்வார்கள். மூன்று தலைமுறை கழித்து ஒரு பள்ளத்தாக்கின் குதிரைகளை வரிசையாக நிறுத்திவைத்தால் பங்காளிகளின் வம்சாவளி தொடைகளிலேயே எழுதியிருக்கும்.

சி. எச். வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் 1974இல் மங்கோலியக் குதிரைக் குறிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மரபணுக்கள் உடலில் எப்படிச் செயல்படுகின்றன என்பதை ஆராயும் துறைக்கு ‘எபிஜெனெட்டிக்ஸ்’ என்ற சொல்லைக் கொடுத்தவர் இவர்தான். கருவின் வளர்ச்சியை ஆராய்ந்தவருக்குக் குதிரைத் தொடையில் என்ன வேலை என்று முதலில் தோன்றும். ஒரு வடிவம் தலைமுறை தாண்டும்போது எது அப்படியே இறங்குகிறது, எது மாறுகிறது என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. மங்கோலியாவை ஆராய்ந்த மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி அவருடைய மகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு குறைந்துவிடும்.

இந்தக் குறிகளின் வயதும் சின்னதில்லை. மங்கோலியாவின் ஓர்கான் பள்ளத்தாக்கில் கி.பி. 732இல் துருக்கிய இளவரசர் கூல் தெகினுக்கு எழுப்பிய கல்லில் ஒரு மலையாட்டின் கோட்டுருவம் இருக்கிறது. அது அரச குலத்தின் தம்கா. வட புல்வெளி மக்கள் ஒவ்வொருவரும் தங்கள் குதிரைக்கு என்ன குறி சுட்டார்கள் என்பதைத் தாங் அரச வம்சக் காலத்துச் சீன அதிகாரிகள் வரைந்தே வைத்திருந்தார்கள். 961இல் தொகுத்து முடித்த ஒரு நூலில் அந்தப் பட்டியல் நமக்குக் கிடைக்கிறது. குதிரை வாங்குகிற அரசுக்கு அந்தப் பட்டியல் அவசியம். பின்னர் மங்கோலியப் பேரரசின் கிளைகள் நாணயத்தில் தத்தம் குறியைப் பொறித்தன. வணிகர்மீது விதித்த வரிக்கும் தம்கா என்றே பெயர் வந்தது. ரஷ்ய மொழியில் சுங்கத்தைக் குறிக்கும் ‘தமோஷ்னியா’ அந்தச் சொல்லின் வழித்தோன்றல். உருதுவில் ‘தம்கா’ என்றால் பதக்கம். இன்றைய மங்கோலியாவில் அரசு முத்திரையும் தம்காதான். ஆளுநரின் அலுவலகத்தைத் ‘தம்காவின் இடம்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

இந்தியாவிலும் குதிரைக்குக் குறிசுட்ட வரலாறு உண்டு. அலாவுதீன் கில்ஜி படைக்குதிரைகளுக்குச் சூடு போடவைத்தார். அக்பரும் அதைக் கடைப்பிடித்தார். அதன் பெயர் ‘தாக்’. நல்ல குதிரையைக் கணக்குக் காட்டிவிட்டு நொண்டிக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தும் படைத்தலைவர்களைப் பிடிக்க அந்த ஏற்பாடு. அது அரசு தன் ஆட்கள்மேல் கொண்ட சந்தேகத்தில் பிறந்த சூடு. மங்கோலிய மேய்ப்பர் சுடுவது அப்பன் பாட்டன் பெயரை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது.

படி 2: இரும்பு

கோலுக்கும் குறிக்கும் ஒரே பெயர், தம்கா. நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் குறியின் வடிவம். மறுமுனையில் மரப்பிடி அல்லது வளையம். கொல்லரிடம் செய்யச் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றில் பிசகினாலும் குதிரை வாழ்நாள் முழுக்க அந்தப் பிழையைச் சுமக்கும்.

விளிம்பு மெல்லியதாக இருந்தால் கத்திபோல வெட்டிவிடும். தழும்பு ஒழுங்காக வராது. தடித்த, முனை மழுங்கிய விளிம்புதான் வேண்டும். கோடுகள் சந்திக்கும் மூலைகளில் சூடு தேங்கும். அங்கே தோல் வெந்து கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நெருக்கமான சிறு வட்டங்களும் அப்படித்தான். நடுவில் இருக்கும் தோலும் சேர்ந்து வெந்து, வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திட்டுதான் மிஞ்சும். அதனால் அனுபவமுள்ளவர்கள் மூலைகளில் சிறு இடைவெளி விடச் சொல்வார்கள். குட்டி வளர வளரக் குறியும் வளரும் என்பதால் இரும்பில் உருவம் சிறியதாக இருந்தாலும் பாதகமில்லை, கோடுகளுக்கு இடையே காற்று இருக்க வேண்டும்.

படி 3: நாள்

இலையுதிர்காலம். காரணங்கள் எளியவை: ஈ மொய்ப்பது குறைந்திருக்கும், புண் சீழ் பிடிக்காது; கோடைப் புல்லில் குட்டிகள் கொழுத்திருக்கும்; கடுங்குளிர் வருமுன் தோல் ஆற அவகாசம் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடை முழுவதும் பெட்டைக் குதிரைகளைக் கறந்து புளித்த பால் செய்வார்கள், அதுதான் அய்ராக். ‘ஹொஹூர்’ என்ற தோல்பையில் ஊற்றிக் கடைந்து கடைந்து புளிக்கவைக்கும் அந்த முறையை 2019இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. குதிரையின் மடி சிறியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்க வேண்டும். அதற்காகக் குட்டிகளைப் பகலில் ‘ஜெல்’ எனும் தரையோடு நீளமாக இழுத்துக் கட்டிய கயிற்றில் வரிசையாகப் பிணைத்திருப்பார்கள். குட்டி இங்கே நின்றால் தாய் தூரம் போகாது. இலையுதிர்காலத்தில் கறவை முடிந்து தாயையும் சேயையும் அவிழ்த்துவிடுகிற நாள் வரும். அவிழ்த்துவிட்டால் பிறகு அவை எங்கே இருக்குமோ! குறிசுடுவதற்கு அந்தச் சமயம் தோதானது. சில இடங்களில் அந்த ஆண்டுக் குட்டிகளுக்கே சுடுவார்கள். பல இடங்களில் தாகாவுக்கு, அதாவது ஒரு குளிர்காலத்தைப் பிழைத்து வந்ததற்கு.

எந்த நாள் என்பதைச் சந்திர நாட்காட்டி பார்த்தோ லாமாவிடம் கேட்டோ முடிவு செய்வார்கள். நமக்குப் பஞ்சாங்கம் தெரியும் என்பதால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

படி 4: பிடித்தல்

இது இளைஞர்களின் நேரம். ‘உர்கா’ என்பது ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள மெல்லிய மரக்கழி; நுனியில் ஒரு சுருக்குக் கயிறு. அதைப் பிடித்துப் பாய்ந்து போகிறவன் ஏறியிருப்பதும் சாதாரணக் குதிரையாக இருக்காது. உர்காவுக்கென்றே பழக்கிய குதிரை தனியாக உண்டு. துரத்த வேண்டிய குட்டி எது என்று புரிந்துவிட்டால் அது தானாகவே கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து பின்தொடரும். சுருக்கு விழுந்த கணத்தில் பின்னங்காலை ஊன்றிக் குந்தும். ஏறியிருப்பவன் சேணத்தின் பின்பக்கம் சரிந்து தன் எடையையும் சேர்ப்பான். மேற்கு மங்கோலியாவில் கழிக்குப் பதிலாக வெறும் சுருக்குக் கயிற்றை வீசிப் பிடிப்பவர்கள் அதிகம்.

பிடிபட்டதும் ஓடிவருகிறவர்களில் ஒருவன் இரண்டு காதையும் இறுகப் பற்றுவான். இன்னொருவன் வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பான். வலப்பக்கம் தரையில் படும்படி குட்டி சாயும். இடது தொடை வானத்தைப் பார்க்க வேண்டும். மங்கோலியக் குதிரை உயரத்தில் சிறியது, தோள் உயரம் 120 முதல் 140 சென்டிமீட்டர்தான். அதை வைத்து எடை போட்டு உதவிக்குப் போகும் விருந்தாளிகள் உதைபட்டுத் திரும்புவார்கள். ஓரமாக நில்லுங்கள்.

தரையில் கிடக்கும் உர்காவைத் தாண்டாதீர்கள். அவசரத்தில் எல்லோரும் ஓடும்போதுகூட அவர்கள் சுற்றித்தான் போவார்கள். இரும்புக்கும் அதே மரியாதை.

படி 5: நெருப்பு

மங்கோலிய மொழியில் நெருப்புக்குப் பெயர் ‘கல்’. அந்தச் சொல்லைக் கேட்டுத் தமிழ்க் காது ஒருமுறை தடுமாறத்தான் செய்யும்.

எரிபொருள் ‘அர்கல்’, அதாவது புல்வெளியில் கிடந்து காய்ந்த மாட்டுச் சாணம். நம் வறட்டிபோலத் தட்டி எடுப்பதில்லை. விழுந்தபடி காய்ந்ததை முதுகுக் கூடையில் பொறுக்கி வருவார்கள். மரம் அரிதான இடத்தில் வேறு வழியும் இல்லை. அர்கல் தீயில் கொழுந்து குறைவு, கனல் அதிகம், சூடு நின்று எரியும். இரும்பைச் சீராகக் காய்ச்சுவதற்கு இதைவிட நல்லது கிடைக்காது.

தீ மூட்டியதும் ‘அர்த்ஸ்’ எனும் ஜூனிபர் இலைத் தூளைப் போட்டுப் புகை எழுப்புவார்கள். பால் தெளிப்பார்கள். இதற்கென்றே ‘சத்சல்’ என்ற மரக்கரண்டி உண்டு. அதன் தலையில் ஒன்பது சிறு குழிகள் செதுக்கியிருக்கும். பாலில் தோய்த்து வானத்தை நோக்கி வீசினால் ஒன்பது துளிகள் சேர்ந்து பறக்கும். ஒன்பது அவர்களுக்கு மங்கலமான எண்.

மங்கோலியக் கூடாரமான கெர்ரின் நடுவில் இருக்கும் அடுப்புக்கு என்னென்ன விலக்குகளோ, அவை இந்த நெருப்புக்கும் பொருந்தும். குப்பை போடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கத்தியை நுழைக்கக் கூடாது, காலை நீட்டி உட்காரக் கூடாது. கத்தியைக்கூடக் காட்டக் கூடாத நெருப்புக்குள்ளே இரும்பை வைக்கிறார்களே என்று கேட்கத் தோன்றும். தம்கா அந்த அடுப்பின் சொந்தம். கடைசி மகனுக்கு எரியும் அடுப்போடு சேர்ந்து கைமாறுவது அது. அதைக் கருவி என்ற கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை.

படி 6: சூடு

இரும்பைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். குதிரை விஷயத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ‘தேல்’ எனும் நீண்ட அங்கியின் பொத்தான்கள் எல்லாம் மாட்டி, இடுப்புக் கச்சை கட்டி, தொப்பி அணிந்திருப்பார்.

இரும்பு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? செக்கச்செவேலென்று பழுத்தால் தவறு. மயிர் தீப்பற்றும், கோடு சிதையும், தேவைக்கு மேல் ஆழமாக வேகும். சிவப்பு அடங்கி இரும்பின்மேல் சாம்பல் பூத்த நிறம் வரும்போது எடுக்க வேண்டும். கருத்திருந்தால் சூடு போதாது. ஒரே குட்டியை இரண்டாம்முறை சுட வேண்டிவரும், அது எல்லோருக்கும் தலைகுனிவு. வெயிலில் சிவப்பு தெரியாது. அதனால் நெருப்பிலிருந்து எடுத்ததும் அங்கியின் நிழலில் ஒரு கணம் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

குட்டியின் தொடை உலர்ந்திருக்க வேண்டும். மழையிலோ பனியிலோ நனைந்த தோலில் இரும்பை வைத்தால் நீர் ஆவியாகிக் கோட்டுக்கு வெளியேயும் வெந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் கையால் தட்டிவிடுவார்கள்.

பிறகு வைப்பது. தொடை உருண்டையானது, இரும்பு தட்டையானது. அழுத்தி வைத்தால் நடுவில் மட்டும் பதியும். அதனால் மெல்ல ஆட்டுவார், முத்திரையை வளைந்த பரப்பில் உருட்டி எடுப்பதுபோல. வெண்புகை எழும், கருகிய மயிரின் நாற்றம் பரவும். குட்டியின் உடல் ஒருமுறை விறைக்கும். குதிரைத் தோல் மாட்டுத் தோலைவிட மெல்லியது; மாட்டுக்குச் சுட்டுப் பழகிய கை இங்கே அவசரமாக எடுக்கக் கற்க வேண்டும். எடுத்ததும் கோடு புதுச் சேணத்தோலின் பழுப்பு நிறத்தில் இருந்தால் பதம் சரி.

காதை விடுவார்கள். குட்டி துள்ளி எழுந்து, நாலு எட்டு தள்ளாடி, தாய் நிற்கும் பக்கம் ஓடும். போய் மடியில் முட்டும்.

வலிக்காது என்று சொன்னால் பொய். இந்தக் காரணத்தால் சில ஐரோப்பிய நாடுகள் சூட்டுக் குறியைத் தடை செய்திருக்கின்றன அல்லது கட்டுப்படுத்தியிருக்கின்றன. அங்கே தோலுக்கடியில் மின்னணுச் சில்லு பொருத்துகிறார்கள். லாயத்தில் நிற்கும் குதிரைக்கு அது போதும். எதிர்க் குன்றில் மேயும் குதிரையின் சில்லைத் தொலைநோக்கியில் படிக்க முடியாது. மேய்ப்பருடைய பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பதம் தெரியாத கையில் இரும்பைக் கொடுக்கும் வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

படி 7: பால் வார்த்தல்

இதைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். கடைசிக் குட்டியும் எழுந்து ஓடியபின், சூடான இரும்பைத் தண்ணீரில் முக்க மாட்டார்கள். பாலிலோ அய்ராக்கிலோ குளிர்விப்பார்கள். சுர்ரென்று சீறும்; புளித்த பால் காயும் வாசனை வரும். சற்றுமுன் எழுந்த கருகல் நாற்றத்தின்மேல் இது படியும்.

இப்படிப் பால்பொருளைத் தொட்டு வைத்து வாழ்த்துவதற்கு ‘மியாலால்கா’ என்று பெயர். புதிய கெர்ருக்கும் உண்டு, பந்தயத்தில் வென்ற குதிரைக்கும் உண்டு. வாழ்த்துப் பாடத் தெரிந்தவர் இருந்தால் எழுந்து நின்று ‘யெரூல்’ சொல்வார். எதுகை மோனையோடு ஓடும் வாழ்த்து அது. கூட்டம் பெருக வேண்டும், புல்லும் நீரும் குறையக் கூடாது, ஓநாயும் பனியும் அண்டக் கூடாது என்பதே சாரம். மங்கோலியப் பாட்டில் மோனை அடியின் தொடக்கத்தில் நிற்கும். தமிழ்ப் பாட்டுக் கேட்ட காதுக்கு மொழி புரியாமலே தாளம் பிடிபடும்.

இரும்பில் நீல நிற ‘கதக்’ பட்டுத்துணியைக் கட்டி, கெர்ருக்குள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் ‘ஹோய்மோர்’ எனும் மதிப்பான இடத்தில் வைப்பார்கள். அந்தப் பக்கம்தான் வழிபாட்டுப் படங்களும் முன்னோர் புகைப்படங்களும் இருக்கும்.

பிறகு விருந்து. இறைச்சி, பால்கட்டி, கிண்ணம் கிண்ணமாக அய்ராக். கிண்ணத்தை வலக்கையால் வாங்குங்கள், இடக்கை வலது முழங்கையைத் தாங்கட்டும்; மடித்துவிட்ட சட்டைக் கையை முதலில் இறக்கிவிடுங்கள். முழுவதும் குடிக்க முடியாவிட்டால் உதட்டில் பட்டாலே போதும், மறுக்க மட்டும் கூடாது.

படி 8: அதன் பிறகு

சில வாரங்களில் பொருக்கு உதிரும். மயிர்க்கால் வெந்த இடத்தில் மயிர் முளைக்காது. குளிர்காலத்தில் சுற்றியுள்ள உரோமம் நீண்டு குறியை மூடும். அப்போது கையால் தடவியோ மயிரைக் கத்தரித்தோதான் படிக்க வேண்டும்.

கிராம நிர்வாக வட்டாரமான ‘சும்’ அளவில் குறிகளைப் பதிவு செய்து வைக்கும் ஏற்பாடு உண்டு. காணாமற்போன குதிரை இன்னொருவர் கூட்டத்தில் கலந்திருந்தால் குறியைப் பார்த்து ஆளனுப்பிச் சொல்வது பழைய வழக்கம்; இப்போது குறியைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பினால் முடிந்தது.

இடையில் ஒரு காலம் குடும்பக் குறிகளுக்கு அவ்வளவாக வேலை இல்லாமல் போனது. 1950களின் இறுதிக்குள் மேய்ப்பர்கள் ஏறக்குறைய அனைவரும் ‘நெக்தெல்’ எனும் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்கப்பட்டார்கள். சொந்தக் கால்நடைக்கு வரம்பு வந்தது. 1990களின் தொடக்கத்தில் பண்ணைகள் கலைந்து குதிரைகள் மீண்டும் வீடுகளுக்கு வந்தபோது, நகரத்தில் வேலை இழந்து முதன்முறையாக மேய்ச்சலுக்கு வந்தவர்களும் நிறையப் பேர். பாட்டன் இரும்பை எடுத்துத் துடைக்க முடிந்தவர்கள் துடைத்தார்கள். மற்றவர்கள் கொல்லரிடம் புதிதாக ஒன்றை அடிக்கச் சொன்னார்கள்.

எல்லாக் குதிரையையும் குறியை வைத்தே எடைபோட்டுவிட வேண்டாம். பிடரியில் பட்டு நாடா கட்டிய குதிரையைப் பார்த்தால் அது ‘செதெர்’ கட்டிய குதிரை, தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது. அதில் யாரும் ஏறுவதில்லை, விற்பதும் இல்லை. பிடரியை வெட்டாமல் காடாக வளர்த்திருப்பது பொலிகுதிரை. காயடித்த குதிரைகளுக்குக் கத்தரித்துவிடுவார்கள்.

விற்பனையின்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். விலை பேசி முடிந்ததும் விற்றவர் குதிரையின் பிடரியிலிருந்து ஒரு கொத்து மயிரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். தலைக்கயிற்றையும் கழற்றித் தானே வைத்துக்கொள்வார். வாங்கியவர் தன்னுடைய கயிற்றைப் போட்டு இழுத்துப் போக வேண்டும். குதிரை போனாலும் அதன் ‘ஹிஷிக்’, அதாவது அது கொண்டுவந்த செழிப்பு, வீட்டில் தங்கட்டும் என்பதற்காக. குறியை மட்டும் கழற்ற முடியாது. வாங்கியவர் பக்கத்திலேயே தன் குறியையும் சுட்டுக்கொள்ளலாம். கெர்ரின் முன்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் விருந்தாளிகளின் குதிரைகள் வரிசையாக நிற்கும்; அங்கே போய்ப் பாருங்கள். நரை ஓடிய ஒரு கிழட்டுக் குதிரையின் தொடையில் பிறை தாங்கிய சூரியன் ஒன்று தேய்ந்து மங்கியிருக்கும். அதற்குக் கீழே கோடு கூர்மையாக ஒரு மீன் இருக்கும்.